பழுப்பேறிய பிளக்

வழக்கமாக மிக்ஸி, கிரைண்டர், போர் மோட்டார் என்று வரும் கடிதக் கட்டில் இந்த மாதம் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: வீட்டுக்குள் கீரை, வீட்டுக்குள் காளான். யாரோ எங்கோ பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறார்கள் போல. விதை, வைக்கோல், உரம் எல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள் கரண்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு தபால் வந்திருக்காது. மிக்ஸிக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: மாடியில் 10-க்கு 12 அடி அறையில் லெட்யூஸும் மைக்ரோகிரீன்ஸும் வளர்க்கிறேன். 4 இரும்பு ரேக், ரேக்குக்கு 4 தட்டு, தட்டுக்கு இரண்டு 20 வாட் எல்இடி டியூப். தினம் 16 மணி நேரம் எரிகிறது. தண்ணீர் சுற்றும் பம்ப் 40 வாட், சுவர் ஃபேன் இரண்டு. எல்லாமே ஒரு 5 ஆம்ப்ஸ் பிளக்கிலிருந்து மூன்று ஜங்ஷன் பாக்ஸ் வழியாக ஓடுகின்றன. கூட்டிப் பார்த்தால் 780 வாட், அதாவது மூன்றரை ஆம்பியர்கூட இல்லை. ஆனாலும் பிளக் பழுப்பேறிவிட்டது, பக்கத்தில் போனால் மீன் வாடை அடிக்கிறது. கோடைக்கு ஒன்றரை டன் ஏசியும் போட நினைக்கிறேன். என்ன செய்வது?

முதலில், இதைப் படித்து முடிப்பதற்கு முன் மாடிக்குப் போய் அந்தப் பிளக்கின் சுவிட்சை அணையுங்கள். கீரை ஒரு நாள் இருட்டில் இருந்தால் ஒன்றும் ஆகாது. மீன் வாடை என்று எழுதியிருக்கிறீர்களே, அது பிளக்கின் பிளாஸ்டிக் வேகிற வாடை. சமையல் செய்யாத அறையில் மீன் வாடை வந்தால் எலி செத்துவிட்டது என்று தேடுவார்கள். நான் முதலில் சுவிட்ச் போர்டைத் தொட்டுப் பார்ப்பேன்.

உங்கள் கணக்கு தப்பில்லை, பாதிதான் போட்டிருக்கிறீர்கள். டியூப் வந்த அட்டைப்பெட்டியில் 'பவர் ஃபேக்டர்' என்று பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். நல்ல டியூபில் 0.9-க்கு மேல். விலை மலிவான டியூபில் 0.5. எண்ணே போடாத பெட்டியும் உண்டு, அதை 0.5 என்றே வைத்துக்கொள்ளலாம். 32 டியூபுக்கு 640 வாட்; 230 வோல்ட்டில் வகுத்தால் 2.8 ஆம்பியர். பவர் ஃபேக்டர் 0.5 ஆனால் வயரில் ஓடுவது அதில் இரண்டு மடங்கு, 5.6 ஆம்பியர். வீட்டு மீட்டர் வாட்டை மட்டுமே எண்ணுவதால் இது பில்லில் தெரியாது. வயருக்கும் பிளக்குக்கும்தான் தெரியும். பம்பும் ஃபேனும் சேர்ந்தால் 6 ஆம்பியரைத் தாண்டிவிடுகிறது. நீங்கள் 5 ஆம்ப்ஸ் என்று சொல்கிற பிளக்கில் இப்போது 6 என்றுதான் அச்சடித்து வருகிறது. அதற்கு மேல் அது தாங்கும் என்று எவரும் சொல்லவில்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வியே கரண்டை அளக்கும் கருவி) வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன விஷயம்: டெஸ்டரின் வாயை ஜங்ஷன் பாக்ஸின் முழு வயரையும் சுற்றிப் போட்டால் பூஜ்யம்தான் காட்டும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். கரண்டு வருகிற பேஸ் வயரை மட்டும் பிரித்துக் கவ்வ வேண்டும். நான் ஐடிஐயில் வயர்மேன் பாடம் எடுத்த காலத்தில் வருஷத்துக்கு இரண்டு பையன்களாவது முழு வயரைக் கவ்விவிட்டு, "சார், லோடே இல்ல சார்" என்று ஓடி வருவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிளக்கைக் கருக்கியது ஆம்பியர் மட்டுமல்ல, மணி நேரமும்தான். அயர்ன் பாக்ஸ் 1000 வாட். இதே மாதிரிப் பிளக்கில்தான் எத்தனையோ வீடுகளில் ஓடுகிறது. ஆனால் கால் மணி நேரம் தேய்த்துவிட்டுப் பிடுங்கிவிடுவோம், பிளக் ஆறிவிடும். உங்கள் பிளக்குக்கு ஆற நேரமே கிடையாது. உள்ளே பித்தளைப் பட்டைதான் பின்னைக் கவ்விப் பிடிக்கிறது. அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்து, தொடும் இடத்தில் அரை ஓம் தடை வந்தது என்று வையுங்கள். 6 ஆம்பியர் ஓடினால் அந்த இடத்தில் 18 வாட் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிளக்குக்குள் வைத்து 16 மணி நேரம் மூடிய மாதிரி. சூட்டில் பட்டை இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடேறும். கரண்டு அளவு மீறினால் விழுகிற எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் கரண்டு அதன் அளவைத் தாண்டவே இல்லை. கரண்டு கசிந்தால் விழுகிற ஆர்சிசிபியும் கண்டுபிடிக்காது, கரண்டு எங்கும் கசியவில்லை. மூக்குதான் கண்டுபிடிக்கும். உங்கள் மூக்கு நன்றாக வேலை செய்கிறது.

அதனால் அறைக்குத் தனி லைன் வேண்டும். நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். கீழே மெயின் டிபியிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) 32 ஆம்ப்ஸ் எம்சிபி வைத்து 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் மாடிக்கு ஒரு லைன். அந்த அறைக்கு வெளியே, கதவுப் பக்கச் சுவரில், தோள் உயரத்தில் சின்ன டிபி ஒன்று. உள்ளே வைக்காதீர்கள்; உள்ளே ஈரம், அதோடு ஏதாவது ஆனால் அணைப்பதற்காக நெருப்புக்குள் நீங்கள் நுழையக் கூடாது. விளக்குக்கு இரண்டு லைன், லைனுக்கு இரண்டு ரேக். ஒன்றரை ஸ்கொயர் வயர், 10 ஆம்ப்ஸ் எம்சிபி. பம்புக்கும் ஃபேனுக்கும் தனி லைன். ஏசிக்குத் தனியாக 4 ஸ்கொயர், 20 ஆம்ப்ஸ், சி டைப் எம்சிபி; கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கிற இழுப்புக்கு பி டைப் வீணாக விழும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இரண்டு வாங்குங்கள்: விளக்கு ஒன்றில், பம்பும் ஃபேனும் இன்னொன்றில். ஏசியை எதில் சேர்த்தாலும் சரி, பம்போடு மட்டும் சேர்க்க வேண்டாம். ராத்திரி 2 மணிக்கு ஒரு டியூபில் கோளாறு என்றால் விளக்கு மட்டும் அணையட்டும், தண்ணீர் ஓடட்டும். எம்சிபியில் எழுதியிருக்கும் ஆம்பியர் முழுவதையும் ஏற்றுவது என் பழக்கமில்லை. நாள் முழுக்க ஓடும் லோடு என்றால் 10 ஆம்ப்ஸ் எம்சிபியில் 8-க்கு மேல் போகமாட்டேன்.

ஜங்ஷன் பாக்ஸ் மூன்றையும் வீட்டில் வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். ரேக்குக்கு மேலே, சுவரில், டியூப் வரிசைக்கு நிரந்தர பாயிண்ட் அடிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி கீழே, பிளக் மேலே, மாறக் கூடாது. பம்பின் வயர் பிளக்குக்கு நேராக இறுக்கிப் போகாமல், பிளக்கைவிட ஒரு சாண் கீழே தொங்கி மறுபடி மேலேற வேண்டும். வயரைப் பிடித்துக்கொண்டு வழிகிற தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. காசு செலவில்லாத வேலை, பத்தில் ஒன்பது பேர் செய்வதில்லை.

இரும்பு ரேக் நான்கையும் பச்சை வயரால் எர்த்தில் இணைக்கச் சொல்லுங்கள். பெயின்டைச் சுரண்டிவிட்டு, வயர் முனையில் லக் (உலோக வளையம்) வைத்து, போல்ட் போட்டு முறுக்க வேண்டும். பெயின்ட் மேல் சுற்றிவைத்தால் அது அலங்காரம். எர்த்துக் குழி வீடு கட்டும்போது போட்டது, அதன்பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் எர்த் மெகர் (எர்த்தின் தடையை அளக்கும் கருவி) வைத்து அளந்துவிடுங்கள். ஒருவேளை பிளக்கில் எர்த்தும், கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரலும் ஒன்றாகக் கட்டியிருந்தால், அதைச் செய்தவரை அந்த அறைக்குள் இனி விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ரேக் முழுவதும் 230 வோல்ட் நிற்கும்.

ஏசி பற்றி: விளக்கு தின்கிற 640 வாட்டும் கடைசியில் அறைச் சூடாகத்தான் மாறும். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது சுமார் 3500 வாட் சூடு. ஆக, உங்கள் விளக்கு மட்டுமே ஒரு டன்னில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். விளக்கைச் சாயங்காலம் 6-லிருந்து காலை 10 வரை எரியவிட்டால் ஏசிக்கும் வயருக்கும் நிம்மதி. ஆனால் அப்போது வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், மீன் வாடை பிடிக்க மூக்கு இருக்காது. கூரையில் ஸ்மோக் அலாரம் ஒன்று மாட்டாமல் ராத்திரி விளக்குக்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்: சிப்பிக் காளான் குடில். 24 எல்இடி டியூப், பனி மாதிரித் தண்ணீர் தெளிக்கும் இரண்டு ஃபாகர் மோட்டார், எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபாகர் ஓடி அரை மணி நேரத்தில் ஆர்சிசிபி விழுந்துவிடுகிறது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "இது இருந்தா இப்படித்தான்ணா, எடுத்துட்டு நேரா குடுத்துரலாம்" என்கிறார். செய்யலாமா?

வேண்டாம். ஏன் என்று சொல்ல என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

2011-இல் பொள்ளாச்சிப் பக்கம் என் தங்கை வீட்டுக்காரர் காளான் குடில் போட்டார். ஜிஐ பைப் சட்டம், மேலே ஓலை, சுற்றிலும் ஈரச் சாக்கு. வயரிங் நான்தான். சொந்தக்காரர் வேலைதானே என்று சாதாரண ஹோல்டர், டேப் சுற்றிய ஜாயின்ட், பைப் சட்டத்துக்கு எர்த் 'அடுத்த வாரம்'. ஆர்சிசிபி மட்டும் வைத்திருந்தேன். அது ஒரே வாரத்தில் மூன்று தடவை விடியற்காலையில் விழுந்தது. மாப்பிள்ளை போன் செய்தார். நான், "இப்போதைக்கு நேராகக் கொடுத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்றேன். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் சொன்ன வார்த்தை இது. வியாழக்கிழமை காலையில் என் தங்கை வெறுங்காலோடு உள்ளே போய்ப் பைப்பைப் பிடித்திருக்கிறாள். தூக்கி எறிந்து, வைக்கோல் கட்டின் மேல் விழுந்ததால் பிழைத்தாள். வலது கை இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. நடு வரிசையில் ஒரு ஹோல்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொட்டியது. ஆர்சிசிபி மூன்று தடவை சொன்னது அதைத்தான். இன்றுவரை தங்கை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சரி, உங்கள் குடில். ஆர்சிசிபி செய்வது ஒரே வேலை: பேஸில் போன கரண்டு நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்று பார்ப்பது. குறைந்தால் வேறு வழியாகத் தரைக்குப் போகிறது என்று அர்த்தம், உடனே விழும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழ அதற்கு உரிமை உண்டு. ஒவ்வொரு எல்இடி டிரைவரும் (விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்) நல்ல நிலையிலேயே துளி கசியும். 24 துளியும் ஈரமும் சேர்ந்தால் 15 தொட்டுவிடும். ஆனால் உங்களுக்கு ஃபாகர் ஓடிய பிறகுதான் விழுகிறது என்பதால், எங்கோ தண்ணீர் புகுகிறது என்றே நினைக்கிறேன்.

தேடும்போது எம்சிபியை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, "எல்லாம் அணைத்தாலும் விழுது, அப்ப ஆர்சிசிபிதான் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். நம் டிபியில் இருக்கும் எம்சிபி பெரும்பாலும் பேஸை மட்டும் வெட்டும். நியூட்ரல் வயர் ஈரத்தில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்சிபி அணைந்தும் கசியும். மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் கட்டையிலிருந்து ஒவ்வொரு லைனின் நியூட்ரலையும் கழற்றி, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்தால் குற்றவாளி அகப்படுவான். ஃபாகர் ஓடி முடித்த கையோடு அளக்க வேண்டும். மத்தியானம் எல்லாம் காய்ந்த பிறகு அளந்தால் எல்லா லைனும் உத்தமன்தான். இன்னொன்று: ஆர்சிசிபிக்குப் பின்னால் வரும் லைனின் நியூட்ரலை வீட்டின் வேறு நியூட்ரலோடு சேர்த்திருந்தாலும் இப்படி விழும். அவசரத்தில் 'நியூட்ரல் இங்கிருந்து எடுத்துக்கலாம்' என்று செய்கிற வேலை.

அப்புறம் ஒரு கேள்வி. காளானுக்கு எதற்கு 24 டியூப்? அது இலையில் சோறாக்குகிற செடி இல்லை. சிப்பிக் காளான் மொட்டு விட மங்கலான வெளிச்சம் போதும். மீதி உங்கள் கண்ணுக்கும் கைக்கும்தான். பாதியைக் கழற்றிவிட்டு, மீதிக்கு ஐபி65 (தண்ணீர் அடித்தாலும் உள்ளே புகாது என்று அர்த்தம்) போட்ட மூடிய டியூப் வாங்குங்கள். வயரை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்ட் வைத்து வயர் அடிப்பக்கமாக நுழையட்டும். இன்னும் நல்லது 24 வோல்ட் எல்இடி பட்டை. டிரைவரைக் குடிலுக்கு வெளியே சுவரில் மாட்டிவிட்டால் உள்ளே போவது 24 வோல்ட் மட்டும்தான். மாப்பிள்ளை குடிலை அப்படித்தான் மாற்றிக் கொடுத்தேன்.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். அது விழுந்தால் உள்ளே இருக்கும் இயந்திரம் உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். எர்த் இருக்கிறதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது.

சேலத்திலிருந்து: 16 ஆம்ப்ஸ் டைமர் என்று போட்டு வாங்கினேன். 40 எல்இடி மட்டும்தான், 4 ஆம்பியர்கூட வராது. மூன்றே மாதத்தில் டைமர் 'ஆஃப்' காட்டினாலும் விளக்கு அணைய மறுக்கிறது.

டைமருக்குள் சுவிட்ச் வேலை செய்கிற ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. எல்இடி டிரைவருக்குள் கெப்பாசிட்டர் இருக்கிறது. போட்ட அந்த நொடியின் ஒரு துணுக்கில் அது பல ஆம்பியரைக் குடிக்கும். 40-ம் ஒரே நேரத்தில் குடித்தால் பொறி பறந்து, முனை உருகி, பற்றவைத்த மாதிரி ஒட்டிவிடும். 16 ஆம்ப்ஸ் என்பது ஹீட்டர் மாதிரி லோடுக்குச் சொன்னது. டைமரை வைத்து ஒரு கான்டாக்டரை (இந்த இழுப்பைத் தாங்கும் கனமான சுவிட்ச்) மட்டும் இயக்குங்கள், விளக்கைக் கான்டாக்டர் இயக்கட்டும். முடிந்தால் இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒரு நிமிட இடைவெளியில் போடுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: மண்ணில்லாமல், பைப்பில் தண்ணீர் ஓடும் முறையில் செடி வளர்க்கிறேன். கரண்டு போனால் பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் இன்வெர்ட்டரில் போடலாமா?

எல்லாவற்றையும் வேண்டாம். விளக்கு சில மணி நேரம் அணைந்தால் செடி பொறுத்துக்கொள்ளும். பைப்பில் தண்ணீர் நின்றால் வேர் காற்றில் தொங்கும். உங்கள் ஊர் மே மாத வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே தலை சாய்ந்துவிடும். பம்பை மட்டும் போடுங்கள். 150 ஏஎச் (ஆம்பியர் மணி), 12 வோல்ட் பேட்டரியில் ஏட்டுக்கு 1800 வாட் மணி. பாதியை நம்பினால் 900. 40 வாட் பம்புக்கு, இன்வெர்ட்டர் தின்பது போக, ஒரு ராத்திரி தாராளமாகத் தாங்கும். பேட்டரியைச் செடி அறையில் வைக்காதீர்கள்: சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், மூடிய அறையில் அது வேண்டாத விருந்தாளி. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் தனியாகவே வர வேண்டும். கோபிக்காரருக்குச் சொன்னதுதான்.

தாம்பரத்திலிருந்து: வீட்டு சர்வீஸிலேயே ஓட்டி, கீரையைக் கடைக்கு விற்கிறேன். ஈபியில் பிரச்சினை வருமா?

வரலாம். வீட்டுக்கு மட்டும் சாப்பிடுவது வேறு, விற்பது வேறு. எந்த உபயோகத்துக்கு இணைப்பு வாங்கினீர்களோ அதற்கு மாறாகப் பயன்படுத்தினால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு விதிக்க இடமிருக்கிறது. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் போடுவார்கள். உங்கள் பிரிவு அலுவலகத்துக்குப் போய், என்ன செய்கிறீர்கள், எத்தனை கிலோவாட் என்று எழுத்தில் கொடுத்து, எந்தக் கட்டணப் பிரிவு என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். அனுமதித்த லோடையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஈரோட்டு அம்மாவின் விளக்கு மட்டுமே நாளைக்கு 10 யூனிட், இரண்டு மாதத்துக்கு 600-க்கு மேல். வீட்டு ரீடிங்கில் அது ஒளிந்துகொள்ளாது.

மதுரையிலிருந்து: விளக்கு மூன்று பின், வீட்டில் இருப்பது பழைய இரண்டு பின் பிளக். பெரிய பின்னை வெட்டிவிட்டு மாட்டினால் நன்றாகத்தான் எரிகிறது. ஏதாவது தொல்லை வருமா?

கேட்கும் முன்பே வெட்டிவிட்டீர்கள். எரிவதற்கு அந்தப் பின் வேண்டியதில்லை, ஈரக்கையோடு விளக்கைத் தொடுகிற உங்களுக்குத்தான் அது வேண்டும். பிளக் பாயிண்டை எர்த் வயரோடு மூன்று பின்னாக மாற்றுங்கள், புதிய த்ரீ பின் டாப் ஒன்று வாங்குங்கள். மாட்டும்போது பச்சை வயரை மற்ற இரண்டையும்விட அரை இஞ்சு நீளமாக விட்டுப் பெரிய பின்னில் முறுக்குங்கள். யாராவது கால் தடுக்கி வயரை இழுத்தால், கடைசியாக அறுபடுவது அதுவாக இருக்கட்டும்.